ஒரே வண்டியில் ஆறு எல்லைகள்: கலே துறைமுகத்தில் ஓர் இரவு

2025ஆம் ஆண்டு யூன் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, பரிஸின் புறநகரான லா கூர்னேவிலிருந்து இலண்டனுக்குப் புறப்பட்ட ஏழு இருக்கை வான் ஒன்றில் நாங்கள் ஆறு பேர் இருந்தோம். ஞாயிறு காலை என் அக்காவின் மகளுக்குத் திருமணம். வண்டியை ஓட்டியவன் நான். கலே துறைமுகத்தின் சோதனைப் பகுதிக்குள் நுழையும்போது மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. நாங்கள் பதிவு செய்திருந்த கப்பல் நள்ளிரவுக்குப் பின் புறப்படுவது. அந்தக் கப்பலில் எங்களில் ஒருவரும் ஏறவில்லை. அடுத்த கப்பலில் மூவர் ஏறினோம். மற்ற மூவரும் பிரெஞ்சு மண்ணிலேயே நின்றுவிட்டார்கள்.

புலம்பெயர்ந்த ஈழத்தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தப் பாதை புதிதன்று. இலண்டனில் ஒரு திருமணமோ அந்தியேட்டியோ என்றால், பிரான்ஸிலும் ஜேர்மனியிலும் சுவிற்சர்லாந்திலும் இருக்கும் உறவுகள் வண்டியில் கலேக்கு வந்து, ஒன்றரை மணிநேரக் கப்பலில் டோவருக்குப் போய்ச் சேர்வது பல்லாண்டுப் பழக்கம். அந்தப் பழக்கத்தை நம்பிப் புறப்பட்டதால் எங்களுக்கு நேர்ந்ததை, குடும்பத்தாரின் சம்மதத்தோடு, பெயர்களைத் தவிர்த்து, ஆவணம் ஆவணமாக இங்கே எடுத்து வைக்கிறேன். இதே தவறுகளோடு இன்னொரு வண்டி இன்னொரு வெள்ளிக்கிழமை இரவு அந்த வரிசையில் நின்றுகொண்டிருக்கும் என்ற கவலைதான் என்னை எழுத வைக்கிறது.

அன்றிரவு எங்கள் ஆவணங்கள் எல்லாம் அண்ணனின் மடியில் இருந்த ஒரே பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தன. பயணம் என்றால் வீட்டுக்குப் பெரியவர் ஒருவர் எல்லோருடைய கடவுச்சீட்டுகளையும் சேர்த்து வைத்திருப்பது எங்கள் வீட்டு வழக்கம். என்னுடையது பிரெஞ்சுக் கடவுச்சீட்டு. அண்ணனுடையது ஜேர்மன் கடவுச்சீட்டு. அவர் ஜேர்மனியில் வாழ்ந்து அந்நாட்டுக் குடியுரிமை பெற்ற பிறகே பிரான்ஸுக்கு வந்தவர். அண்ணியிடம் இலங்கைக் கடவுச்சீட்டும், ஐரோப்பிய ஒன்றியக் குடிமகன் ஒருவரின் குடும்ப உறுப்பினர் என்ற வகையில் பிரான்ஸ் வழங்கிய வதிவிட அட்டையும் இருந்தன. பத்தொன்பது வயதான அவர்களின் மகனிடம் இரண்டு மாதங்களுக்கு முன் எடுத்த புதிய ஜேர்மன் கடவுச்சீட்டு. தங்கையின் மகன், இருபத்திரண்டு வயதுப் பிரெஞ்சுக் குடிமகன், அடையாள அட்டையை மட்டும் கொண்டுவந்திருந்தான். எழுபத்தொன்பது வயதான அம்மாவிடம் அகதிகளுக்குப் பிரான்ஸ் வழங்கும் பயணப் பத்திரம்.

புறப்படுவதற்கு முந்தைய வாரம் முழுவதும் வீட்டில் எல்லோரும் பயந்தது அம்மாவை நினைத்துத்தான். மற்றவர்களைப் பற்றி ஒருவரும் ஒரு கேள்வியும் எழுப்பவில்லை. பயணச்சீட்டை எடுத்துக் கொடுத்த முகவரும், "ஐரோப்பிய கார்ட் இருந்தால் பிரச்சினை இல்லை" என்று சொல்லியிருந்தார்.

சோதனைக் கூண்டில் நடந்தது

கலேயில் வண்டி முதலில் பிரெஞ்சு எல்லைக் காவல்துறையின் கூண்டைக் கடக்கிறது. அது, தங்களுக்கிடையே எல்லைச் சோதனைகளை நீக்கிக்கொண்ட ஐரோப்பிய நாடுகளின் கூட்டான செங்கன் பரப்பிலிருந்து வெளியேறுவோருக்கான சோதனை. அங்கே எங்களுக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அந்த அதிகாரி கேட்டுக்கொண்டிருந்த கேள்வி, இவர்கள் இங்கிருந்து வெளியேறலாமா என்பது மட்டுமே. ஆறு பேரும் வெளியேறத் தகுதியுடையவர்கள்தாம். அவர் கையசைத்து அனுப்பியதை நாங்கள் முழுப் பயணத்துக்குமான அனுமதியாக எடுத்துக்கொண்டோம். பின்னிருக்கையில் இருந்த பிள்ளைகள் கைப்பேசியில் பாட்டைப் போட்டுவிட்டார்கள்.

சற்றுத் தள்ளி பிரித்தானிய எல்லைப் படையின் கூண்டு. அங்கிருந்த இளம் அதிகாரி உறையை வாங்கி, ஒவ்வோர் ஆவணமாக எடுத்துக் கருவியில் வைத்து, திரையைப் பார்த்து, பிறகு சாளரத்தின் விளிம்பில் வைத்தார். நாலாவது ஆவணத்தை வைக்கும்போதுதான் கவனித்தேன்: எங்கள் ஒற்றை உறை அந்த விளிம்பில் இரண்டு குவியல்களாகப் பிரிந்துகொண்டிருந்தது. இடப்பக்கம் என்னுடையதும் அண்ணனுடையதும். வலப்பக்கம் அண்ணியுடையதும் இரண்டு பிள்ளைகளுடையதும். கடைசியாக அம்மாவின் பயணப் பத்திரத்தைத் திறந்து, விசா ஒட்டப்பட்டிருந்த பக்கத்தைக் கண்டுபிடித்து, தலையை வெளியே நீட்டி அம்மாவின் முகத்தைப் பார்த்தார். "யாருக்குக் கல்யாணம்?" என்று கேட்டார். பேத்திக்கு என்று அம்மா பிரெஞ்சில் சொன்னார். அம்மாவின் பத்திரம் இடப்பக்கக் குவியலின் மேல் வைக்கப்பட்டது.

வண்டியை ஓரத் தரிப்பிடத்தில் நிறுத்தச் சொன்னார்கள். பின்னால் பட்டுச்சேலைப் பெட்டிகளும் பலகாரத் தட்டுகளும் இருந்தன. எண்ணெய்ப் பலகார வாசம் மூடிய வண்டிக்குள் நிறைந்திருந்தது. "போன முறையும் இந்தக் கார்ட்டோடதானே போனனான், இப்ப என்ன பிழை?" என்று அண்ணி திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். அண்ணனிடமும் பதில் இல்லை, என்னிடமும் இல்லை.

ஏறத்தாழ இரண்டு மணிநேரம் கழித்து முடிவு வந்தது. அண்ணியிடம் பிரித்தானிய விசா இல்லை, நுழைவு மறுக்கப்பட்டது. அவருடைய புகைப்படமும் கைவிரல் அடையாளங்களும் எடுக்கப்பட்டு, மறுப்புக்கான காரணத்தைச் சொல்லும் தாள் ஒன்று கையில் கொடுக்கப்பட்டது. தங்கை மகனுக்கும் மறுப்பு. அண்ணன் மகனுக்கு ஒரு வழி இருந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன். அண்ணனுக்கு எந்தத் தடையும் இருக்கவில்லை, ஆனால் மனைவியைத் துறைமுகத்தில் விட்டுவிட்டுப் போக அவருக்கு மனம் வரவில்லை. "தாய்மாமன் இடத்தில நீ நில்" என்று என்னிடம் சொல்லிவிட்டு இறங்கிக்கொண்டார். அவர்கள் மூவரும் பிரெஞ்சுக் காவல்துறையிடம் திருப்பி ஒப்படைக்கப்பட்டு, துறைமுக வாசலுக்கு வெளியே விடப்பட்டார்கள்.

எல்லை எங்கே இருந்தது

கடலைக் கடந்த பிறகுதான் இங்கிலாந்தின் எல்லை வரும் என்று நினைப்பது இயல்பு. டோவர் நீரிணையின் மிகக் குறுகிய இடத்து அகலம் 33 கிலோமீற்றர். அந்தத் தண்ணீருக்கு அப்பால்தான் பிரித்தானிய அதிகாரி இருப்பார் என்றே அம்மாவும் நினைத்திருந்தார். ஆனால் 2003 பெப்ரவரி 4 அன்று லெ தூக்கே என்ற கடற்கரை நகரில் பிரான்ஸும் பிரித்தானியாவும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, கால்வாய்த் துறைமுகங்களில் ஒவ்வொரு நாடும் மற்ற நாட்டின் மண்ணில் தன் எல்லைச் சோதனையை நடத்துகிறது. கலேயிலும் டன்கேர்க்கிலும் பிரித்தானிய அதிகாரிகள் இருக்கிறார்கள். டோவரில் பிரெஞ்சுக் காவல்துறையினர் இருக்கிறார்கள். கால்வாய்ச் சுரங்கத்துக்கு 1991இல் சங்கத் நெறிமுறையின் மூலம் உருவான ஏற்பாட்டைக் கப்பல்களுக்கும் விரித்ததே இந்த உடன்படிக்கை.

இதன் நடைமுறை விளைவு கனமானது. அந்தக் கூண்டைச் சுற்றியுள்ள சிறு பகுதிக்குக் கட்டுப்பாட்டு வலயம் என்று பெயர். நிலம் பிரான்ஸுடையதாக இருந்தாலும், அங்கே நடைமுறையில் இருப்பது பிரித்தானியக் குடிவரவுச் சட்டம். அங்கே மறுக்கப்பட்டவர் இங்கிலாந்தை அடைந்து திருப்பி அனுப்பப்பட்டவர் ஆவதில்லை. அவர் பிரான்ஸைவிட்டு வெளியேறவே இல்லை. அந்த வலயத்தில் நின்று ஒருவர் புகலிடம் கோரினால்கூட அதை ஆராயும் பொறுப்பு பயணம் தொடங்கும் நாடான பிரான்ஸையே சேரும். புகலிடம் கோருவோர் பிரித்தானிய மண்ணில் கால் வைக்குமுன்பே அவர்களை நிறுத்துவது இந்த ஏற்பாட்டின் நோக்கங்களில் ஒன்று என்பதை நம்மவர்கள் அறிந்திருக்க வேண்டும். அந்த வடிகட்டிக்குள்தான் திருமணத்துக்குப் போகும் வண்டியும் நுழைகிறது.

எல்லாத் துறைமுகமும் இப்படியில்லை. தியெப்பிலிருந்து நியூஹேவனுக்கும், கானிலிருந்து போர்ட்ஸ்மவுத்துக்கும், நெதர்லாந்தின் ஹூக் வான் ஹொலண்டிலிருந்து ஹாரிச்சுக்கும் போகும் கப்பல்களில் புறப்படும் நாட்டின் வெளியேறும் சோதனை அங்கேயும், பிரித்தானியச் சோதனை கரை சேர்ந்த பிறகும் நடக்கின்றன. அங்கே மறுக்கப்பட்டால் அடுத்த கப்பல் வரை காத்திருந்து கடலைத் திரும்பக் கடக்க வேண்டும். அந்த வகையில் பார்த்தால், கலேயிலேயே நின்றுவிட்ட எங்கள் மூவரும் குறைந்த துன்பத்தோடு தப்பினார்கள் என்றே சொல்வேன். அடுத்த நாள் காலை ரயிலில் அண்ணனும் அண்ணியும் வீடு திரும்ப முடிந்தது.

அண்ணியின் அட்டை

இந்த நிகழ்வில் மிக நுணுக்கமாகப் பார்க்க வேண்டியது அண்ணியின் நிலைதான், ஏனென்றால் அவர் தவறாக எதையும் நினைத்திருக்கவில்லை. அவர் நினைவில் வைத்திருந்த விதி ஒரு காலத்தில் உண்மையாகவே இருந்தது.

2004ஆம் ஆண்டின் 38ஆம் இலக்க ஐரோப்பிய ஒன்றிய நெறிமுறை, ஒன்றியக் குடிமகன் ஒருவர் தன் நாடல்லாத இன்னோர் உறுப்பு நாட்டில் வாழும்போது, ஒன்றியத்துக்கு வெளியிலுள்ள நாட்டின் குடிமக்களான அவர் குடும்பத்தினருக்கு வதிவிட அட்டை வழங்க வேண்டும் என்கிறது. அந்த அட்டையை வைத்திருப்பவர் மற்ற உறுப்பு நாடுகளுக்குள் விசா இல்லாமல் நுழையலாம் என்றும் சொல்கிறது. பிரித்தானியா நெடுங்காலம் இதை முழுமையாக ஏற்கவில்லை. அட்டை இருந்தாலும் தனியாகக் குடும்ப அனுமதி எடுக்க வேண்டும் என்று வற்புறுத்தியது. ஸ்பெயினில் வாழ்ந்த, பிரித்தானிய, அயர்லாந்துக் குடியுரிமைகள் இரண்டும் கொண்ட ஒருவரும் கொலம்பியரான அவர் மனைவியும் தொடுத்த வழக்கில், 2014 டிசம்பர் 18 அன்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் அந்த வற்புறுத்தல் சட்டத்துக்கு மாறானது என்று தீர்ப்பளித்தது. அதன் பிறகு பிரித்தானியா விதியைத் திருத்திக்கொண்டது. ஜேர்மன் குடிமகனான அண்ணன் பிரான்ஸில் வாழ்ந்ததால் அண்ணியின் அட்டை சரியாக இந்த வகையைச் சேர்ந்தது. 2018இல் அவர்கள் இருவரும் இதே கலே வழியாகப் போனபோது, அந்த அட்டையைப் பார்த்துத்தான் விட்டார்கள்.

2020 டிசம்பர் 31 இரவோடு பிரித்தானியா ஒன்றியத்திலிருந்து வெளியேறுவதற்கான இடைக்காலம் முடிந்தது. அந்த உரிமையும் அதோடு முடிந்தது. பிறகு அண்ணியின் அட்டை காலாவதியாகி, நிரந்தர வதிவிட அட்டையாகப் புதுப்பிக்கப்பட்டது. புதிய அட்டை பழையதைவிட நீண்ட காலத்துக்குச் செல்லுபடியாகிறது, அதனால் இன்னும் வலுவானது என்று அவர் எண்ணியதில் வியப்பில்லை. அதே நிறம், அதே வாசகம். பிரித்தானிய எல்லையில் மட்டும் அதற்கு எந்தப் பயனும் இல்லாமல் போயிருந்தது. இலங்கைக் கடவுச்சீட்டு உடையவர் எத்தனை ஆண்டுகள் பிரான்ஸில் வாழ்ந்திருந்தாலும், இன்று இங்கிலாந்துக்குப் போக அவருக்கு வருகையாளர் விசா வேண்டும். இதை அவருக்குச் சொல்லும் கடமை யாருக்கும் இருக்கவில்லை என்பது எனக்கு இன்றும் ஆறாத குறை. சட்டம் மாறியது பகிரங்கமாகத்தான். ஆனால் அந்த மாற்றம் அட்டை வைத்திருந்தவரின் வீட்டு வாசலுக்கு வரவில்லை.

அம்மாவின் பத்திரம்

அகதிகளுக்கான பயணப் பத்திரம் 1951ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கையின் 28ஆம் பிரிவிலிருந்து வருவது. 1959 ஏப்ரல் 20 அன்று ஐரோப்பிய அவையின் உறுப்பு நாடுகள் ஸ்திராஸ்பூர்க்கில் கையெழுத்திட்ட ஓர் ஒப்பந்தம், இந்தப் பத்திரம் வைத்திருப்போர் குறுகிய காலப் பயணங்களுக்கு விசா இல்லாமல் ஒருவர் நாட்டுக்கு ஒருவர் போய்வர வழிசெய்தது. பிரித்தானியா 2003 பெப்ரவரியில் அந்த ஒப்பந்தத்தை நிறுத்திவைத்தது. அயர்லாந்தும் 2022 யூலை 19 முதல் அதே வழியைப் பின்பற்றியது. ஒரு நாடு ஆண்டுக்கணக்கில் விசாரித்து, ஏற்று, தன் பாதுகாப்பில் வைத்திருக்கும் மனிதருக்கு அண்டை நாடு விசா கேட்பது எனக்கு வருத்தமான செயலாகவே படுகிறது. ஆனாலும் விதி அதுதான்.

அம்மாவின் விஷயத்தில் எல்லோரும் பயந்ததால் எல்லாம் சரியாக நடந்தது. மார்ச் மாதமே நான் அவரை விண்ணப்ப நிலையத்துக்கு அழைத்துச் சென்றேன். கைவிரல் அடையாளம் எடுக்கும் கருவியில் அவருடைய தேய்ந்த விரல்கள் பதிய மறுத்து, மூன்று முறை துடைத்துத் துடைத்து வைக்க வேண்டியிருந்தது. திருமண அழைப்பிதழின் மொழிபெயர்ப்பு, அக்காவின் கடிதம், ஓய்வூதியச் சான்று என்று ஒரு கட்டுக் காகிதங்களைக் கொடுத்தோம். ஆறு மாத விசா வந்தது. அதே நாளில் அண்ணியையும் கூட்டிப்போய் அதே விண்ணப்பத்தைக் கொடுத்திருந்தால், 115 பவுண்டுக் கட்டணத்தோடும் சில வாரக் காத்திருப்போடும் முடிந்திருக்கும் அந்தக் காரியம்.

இரண்டு பிள்ளைகள்

2025 ஏப்ரல் 2 முதல் பெரும்பாலான ஐரோப்பிய நாடுகளின் குடிமக்கள் இங்கிலாந்துக்குப் போவதற்கு முன் ஈ.டி.ஏ. எனப்படும் மின்னணுப் பயண அனுமதியைப் பெற வேண்டும். கட்டணம் முதலில் 10 பவுண்டாக இருந்து, ஒரே வாரத்தில், 2025 ஏப்ரல் 9 அன்று, 16 பவுண்டாக உயர்ந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு அல்லது கடவுச்சீட்டு காலாவதியாகும் வரை, எது முன்னதோ அதுவரை செல்லும். கைக்குழந்தைக்கும் தனியாக எடுக்க வேண்டும். இந்த அனுமதி ஒரு மனிதரின் பெயரோடு மட்டும் இணைந்ததன்று, ஒரு குறிப்பிட்ட கடவுச்சீட்டின் இலக்கத்தோடு இணைந்தது. அண்ணன் மகன் தன் பழைய கடவுச்சீட்டில் அதை எடுத்துவிட்டு, பிறகு புதிய கடவுச்சீட்டு வாங்கியிருந்தான். அவன் கையிலிருந்த கடவுச்சீட்டுக்கு அனுமதி இல்லை. நடைமுறை புதிதாகத் தொடங்கிய மாதங்கள் என்பதால் அதிகாரி அவனைத் திருப்பி அனுப்பாமல், அங்கேயே கைப்பேசியில் மறுபடி விண்ணப்பிக்கச் சொன்னார். தரிப்பிடத்து விளக்கின் கீழ், வண்டியின் முன்மூடியில் கடவுச்சீட்டை விரித்துவைத்து, அதன் சில்லைக் கைப்பேசி வாசிக்கும்வரை அவன் அசையாமல் நின்றதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முக்கால் மணிநேரத்தில் அனுமதி வந்தது. எப்போதும் இப்படி நடக்கும் என்று நம்ப முடியாது. மூன்று வேலை நாட்கள் வரை ஆகலாம் என்றே அரசு சொல்கிறது. அதோடு, 2026 பெப்ரவரி 25 முதல் இந்த அனுமதி இல்லாதவர்களைப் பயணம் செய்யவே விடுவதில்லை என்று பிரித்தானியா பின்னர் அறிவித்தது. அன்று கிடைத்த இரக்கத்தை நம்பி இனி ஒருவரும் புறப்படக்கூடாது.

தங்கை மகனுக்கு நேர்ந்தது இதன் மறுபக்கம். அவனிடம் செல்லுபடியான ஈ.டி.ஏ. இருந்தது, அது இணைந்திருந்த கடவுச்சீட்டு வீட்டு அலுமாரியில் இருந்தது. அடையாள அட்டையோடு இத்தாலிக்கும் ஸ்பெயினுக்கும் போய்ப் பழகியவன். 2021 ஒக்டோபர் 1 முதல் பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் அடையாள அட்டைகளை ஏற்பதில்லை. பிரித்தானியா ஒன்றியத்தைவிட்டு வெளியேறுவதற்கு முன்பே அங்கு வாழ்ந்து குடியேற்ற உரிமை பெற்றவர்கள் போன்ற சிலருக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. பிரான்ஸிலிருந்து வரும் பாடசாலைச் சுற்றுலாக் குழுக்களுக்கு 2023 டிசம்பர் இறுதியில் இன்னொரு விலக்கு அளிக்கப்பட்டது. இங்கிலாந்துக்குப் போகும் பிரெஞ்சு மாணவர் குழுக்கள் குறைந்துபோனதே அதற்குக் காரணம். திருமணத்துக்குப் போகும் இளைஞனுக்கு அப்படி ஒரு கதவு இல்லை. சனிக்கிழமை காலை பரிஸிலிருந்து புறப்பட்ட இன்னோர் உறவினர் அலுமாரியைத் திறந்து கடவுச்சீட்டை எடுத்து வந்ததால், அவன் மாலைக்குள் இலண்டன் வந்து சேர்ந்தான்.

கப்பல் நிறுவனம் கேட்ட விவரங்கள்

இணையத்தில் இடம் பதிவு செய்தபோது எல்லோருடைய பெயரும் பிறந்த திகதியும் குடியுரிமையும் ஆவண இலக்கமும் கேட்கப்பட்டிருந்தன. இவ்வளவையும் வாங்கிக்கொண்டு பயணச்சீட்டும் கொடுத்துவிட்டார்களே, அப்படியானால் எல்லாம் சரிபார்த்திருப்பார்கள்தானே என்று அண்ணன் அன்றிரவு கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் கப்பலில் பெயர் கேட்பதற்கு எல்லையைத் தாண்டிய ஒரு காரணமும் இருக்கிறது. 1994 செப்ரெம்பர் 28 அன்று தாலினிலிருந்து ஸ்டொக்ஹோமுக்குப் போய்க்கொண்டிருந்த எஸ்தோனியா என்ற பயணிகள் கப்பல் பால்டிக் கடலில் மூழ்கியதில் 852 பேர் இறந்தார்கள். அதன் பின் 1998இல் வந்த ஒன்றிய நெறிமுறை, கப்பலில் ஏறுவோரை எண்ண வேண்டும், இருபது கடல் மைலுக்கு மேற்பட்ட பயணமானால் பெயர்களையும் பதிய வேண்டும் என்று கட்டாயமாக்கியது. மூழ்கினால் யாரைத் தேடுவது என்று தெரிய வேண்டும் என்பதற்கான பட்டியல் அது. அந்தப் பட்டியலில் பெயர் இருப்பது, ஒரு நாட்டுக்குள் நுழையும் உரிமையைப் பற்றி எதையும் சொல்வதில்லை.

உரிய ஆவணமில்லாதவரை ஏற்றிவந்தால் நிறுவனத்துக்குத் தண்டம் உண்டு என்பதும் உண்மை. பிரித்தானியச் சட்டத்தில் ஒருவருக்கு 2,000 பவுண்டு, ஒன்றியத்தின் 2001ஆம் ஆண்டு நெறிமுறையில் ஒருவருக்கு 3,000 யூரோவிலிருந்து தொடங்குகிறது. ஆனால் கலேயில் நிறுவனத்தின் பதிவுக் கூண்டு இரண்டு நாட்டு அதிகாரிகளுக்கும் பின்னால் இருக்கிறது. அவர்கள் வடிகட்டிய பிறகு வருபவர்களையே அது பார்க்கிறது. பயணச்சீட்டு விற்கும் படிவத்திலேயே, குடியுரிமையைக் குறித்தவுடன், இந்தக் குடியுரிமைக்கு விசா வேண்டும் என்று ஒரு வரி தோன்றினால் எத்தனை குடும்பங்கள் காப்பாற்றப்படும் என்று எண்ணிப் பார்க்கிறேன். அது செய்ய முடியாத காரியமன்று.

திரும்பும் வழியும் மற்றக் கடல்களும்

செவ்வாய்க்கிழமை நாங்கள் டோவர் வழியாகத் திரும்பினோம். அங்கே இங்கிலாந்தின் மண்ணில் பிரெஞ்சுக் காவல்துறை செங்கன் நுழைவுச் சோதனையை நடத்துகிறது. எனக்கும் அண்ணன் மகனுக்கும் ஒன்றியக் குடிமக்கள் என்பதால் முத்திரையில்லை. அம்மா பிரான்ஸில் வதிபவர் என்பதால் அவருக்கும் இல்லை. எங்களோடு பரிஸுக்கு வந்த அக்காவும் அத்தானும் பிரித்தானியக் கடவுச்சீட்டு உடையவர்கள். அவர்களுக்கு முத்திரை குத்தப்பட்டது. எந்த 180 நாளிலும் 90 நாளுக்கு மேல் தங்கக்கூடாது என்ற கணக்கும், கடவுச்சீட்டு வழங்கப்பட்டுப் பத்து ஆண்டுகளுக்கு உட்பட்டதாகவும் திரும்பும் நாளுக்குப் பின் மூன்று மாதம் செல்லுபடியாவதாகவும் இருக்க வேண்டும் என்ற விதியும் அவர்களுக்குப் பொருந்தும். ஒவ்வொரு கடவுச்சீட்டையும் புரட்டி முத்திரை குத்த வேண்டியிருந்ததும் டோவரில் நெரிசல் கூடியதற்கு ஒரு காரணம்; 2023 ஏப்ரல் தொடக்கத்தில், ஈஸ்டருக்கு முந்தைய வார இறுதியில், பேருந்துகள் அங்கே இரவு முழுவதும் காத்துக் கிடந்தன. 2025 ஒக்டோபர் 12 முதல் முத்திரைக்குப் பதிலாக முகப்படமும் கைவிரல் அடையாளமும் பதியும் மின்னணு முறை படிப்படியாகத் தொடங்கியது. பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டோரிடம் விரல் அடையாளம் எடுப்பதில்லை. ஒன்றிய நாடுகளின் வதிவிட அட்டை உடையவர்களுக்கு இந்தப் பதிவு தேவையில்லை. அட்டையை மறந்து கடவுச்சீட்டை மட்டும் நீட்டினால் வருகையாளராகக் கணக்கிடப்படும் ஆபத்து உண்டு என்பதால், இரண்டையும் சேர்த்தே கொடுக்க வேண்டும்.

செங்கனுக்குள்ளேயே ஓடும் கப்பல்களைப் பற்றியும் ஒரு சொல். டென்மார்க்கின் ஹெல்சிங்ஓரிலிருந்து சுவீடனின் ஹெல்சிங்போர்க்குக்கு இருபது நிமிடப் பயணம். சாதாரணமாகக் கடவுச்சீட்டுச் சோதனையே கிடையாது. ஆனால் 2016 சனவரி 4 முதல் 2017 மே வரை, சுவீடன், டென்மார்க்கிலிருந்து தாங்கள் ஏற்றிவரும் ஒவ்வொருவரின் அடையாளத்தையும் போக்குவரத்து நிறுவனங்களே சரிபார்க்க வேண்டும் என்று கட்டளையிட்டது. பணப்பையை மட்டும் எடுத்துக்கொண்டு கப்பலேறிப் பழகியவர்கள் கரையில் நிறுத்தப்பட்டார்கள். எல்லையற்ற பரப்பு என்பது ஆவணமற்ற பரப்பு ஆகாது. அதேபோல, பிரான்ஸிலிருந்து இங்கிலாந்து வழியாக வண்டியில் டப்ளினுக்குப் போக நினைப்பவர்கள், பிரித்தானியாவையும் அயர்லாந்தையும் தனித்தனியாகக் கணக்கில் எடுக்க வேண்டும். அயர்லாந்து ஒன்றியத்தில் இருந்தாலும் செங்கனில் இல்லை. பிரான்ஸின் சாதாரண வதிவிட அட்டை மட்டும் அங்கே போதாது. கலேயிலிருந்து ஒருவர் வேல்ஸிலுள்ள ஹோலிஹெட் துறைமுகம் வழியாக டப்ளினுக்குப் போவதானால் இரண்டு எல்லைகளைக் கடக்கிறார். பிரெஞ்சுத் துறைமுகமான ஷெர்பூர்க்கிலிருந்து நேரே போனால் ஓர் எல்லைதான்.

ஓகஸ்ட் மாதம் அண்ணி வருகையாளர் விசாவுக்கு விண்ணப்பித்தார். எந்த நாட்டின் எல்லையிலாவது நுழைவு மறுக்கப்பட்டதுண்டா என்ற கேள்வி படிவத்தில் இருந்தது. அதை இல்லை என்று விட்டுவிடலாமா என்று அண்ணன் என்னிடம் மெதுவாகக் கேட்டார். கூடாது என்றேன், விரல் அடையாளம் அவர்களிடம் இருக்கிறது, பொய் சொன்னால் பத்து ஆண்டுகள் வரை தடை வரலாம். ஆம் என்று குறித்து, கலேயில் கொடுத்த தாளின் படியை இணைத்து, 2018இல் இதே வகை அட்டையோடு போனதையும் விதி மாறியது தெரியாமல் வந்ததையும் நாலு வரியில் எழுதினோம். மூன்று வாரத்தில் விசா கிடைத்தது.

ஒக்டோபர் இறுதியில் அவர்கள் அக்கா மகளின் வீட்டுக்குப் போனார்கள். அதே கலே, அதே வரிசை. கூண்டை நெருங்கும்போது அண்ணன் வழக்கம்போல உறைக்காகக் கையை நீட்டியிருக்கிறார். அண்ணி தன் கடவுச்சீட்டைக் கொடுக்கவில்லை. விசா ஒட்டிய பக்கத்தில் விரலை வைத்துப் பிடித்தபடி, தன் பக்கத்துக் கண்ணாடியைத் தானே இறக்கினாராம்.